வெட்டியவர்களும் மிதந்தவர்களும்

பாகான் செராய் என்ற பெயருக்குள்ளேயே ஒரு படகுத்துறை இருக்கிறது. மலாய் மொழியில் 'பாகான்' என்றால் படகு ஒதுங்கும் துறை. 'செராய்' என்றால் எலுமிச்சைப்புல். எங்கள் கிரியான் மாவட்டத்து ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் அது ஒரு நீர்ப்பாசன வரைபடம் மாதிரியே ஒலிக்கும். பாரிட் புந்தாரில் உள்ள 'பாரிட்' வாய்க்கால். தித்தி செரோங்கில் உள்ள 'தித்தி' சின்னப் பாலம். அலோர் பொங்சுவில் உள்ள 'அலோர்' நீர் ஓடும் தடம். கோலா குராவில் உள்ள 'கோலா' ஆறு கடலில் கலக்கும் இடம். இத்தனை தண்ணீர்ப் பெயர்கள் உள்ள ஊரில், பொழுதுபோக்குக்காக வாய்க்காலில் படகு விட்ட கதை ஒன்றைக்கூட நான் சின்ன வயதில் கேட்டதில்லை. தூண்டில் போட்ட கதை உண்டு, விரால் பிடித்த கதை உண்டு, தண்ணீரில் விழுந்து அடி வாங்கிய கதை நிறையவே உண்டு.

இங்கிலாந்தில் கால்வாய் என்றாலே இன்று முதலில் நினைவுக்கு வருவது விடுமுறைதான். நேரோபோட் என்ற ஒடுக்கமான நீளப் படகைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் போய், படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கி, ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு திரும்புகிறார்கள். வேக வரம்பு மணிக்கு 4 மைல், கிட்டத்தட்ட மனிதன் நடக்கும் வேகம். இரண்டு நாளில் அவர்கள் கடக்கும் தூரத்தை பாகான் செராயிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். அந்த மெதுவுக்காகத்தான் அங்கே போகிறார்கள்.

ஒரு கால்வாய் எப்படி விடுமுறை இடமாகிறது, இன்னொரு கால்வாய் ஏன் ஆவதில்லை என்ற கேள்வி எனக்குப் பொறியியல் கேள்வியாகத்தான் தொடங்கியது. தோண்டத் தோண்ட அது வரலாற்றுக் கேள்வியாக மாறிவிட்டது.

ஏழு அடி அகலம்

இங்கிலாந்தின் கால்வாய் யுகம் 1761-ல் தொடங்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். வோர்ஸ்லி சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுபோகப் பிரிட்ஜ்வாட்டர் பிரபு ஒரு கால்வாய் வெட்டினார். அதில் முக்கியப் பங்கு வகித்தவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. அவரே பிறகு ட்ரென்ட் - மெர்சி கால்வாயைத் திட்டமிட்டபோது, படகுகளை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளுக்கு ஒடுக்கமான அளவைத் தேர்ந்தெடுத்தார்: சுமார் 7 அடி அகலம், 70 அடிக்குச் சற்று அதிகமான நீளம். குறைந்த கட்டுமானம், குறைந்த தண்ணீர், குறைந்த செலவு. அந்தப் பூட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதால்தான் நேரோபோட் இன்றைக்கும் 7 அடிக்குள் அடங்கி நிற்கிறது. 250 வருஷத்துக்கு முந்தைய ஒரு செலவுக் கணக்கு, இன்று ஒருவர் தன் படகுக்குள் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்பதை முடிவு செய்கிறது. பொறியாளனாக எனக்கு இது பிடித்திருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

கரையில் ஒரு குதிரை நடக்கும், பின்னால் இருபத்தைந்து டன் சரக்கு மிதந்து வரும். ரயில் வந்த பிறகு கட்டணம் சரிந்தது. கூலியாள் வைக்கக் கட்டுப்படியாகாமல் படகுக்காரர்கள் மனைவி பிள்ளைகளையே வேலையாட்களாக ஏற்றிக்கொண்டார்கள். படகின் பின்முனையில் பத்தடி நீளம்கூட இல்லாத ஓர் அறையில் குடும்பமே வாழ்ந்தது. சமையல், பிரசவம், சாவு எல்லாம் அதற்குள்தான். கதவிலும் வாளியிலும் அவர்கள் தீட்டிய ரோஜாக்களும் கோட்டைகளும் இன்று நினைவுப் பொருளாக விற்கப்படுகின்றன.

அந்தக் குடும்பங்களின் நெரிசலைப் பற்றி ஜார்ஜ் ஸ்மித் என்பவர் விடாமல் எழுதினார், பேசினார். அதன் விளைவாக 1877-ல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. ஒரு படகறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள், படகுகளைப் பதிவு செய்தார்கள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் கேள்வி எழுந்தது. சட்டம் ஒழுங்காக அமலாகவில்லை, 1884-ல் திருத்த வேண்டியிருந்தது. ஆனாலும் தொழிலாளியின் படுக்கை இடத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நாடாளுமன்றம் நினைத்தது.

அதே 1877

அதே 1877-ல் அதே சாம்ராஜ்யத்தின் இன்னொரு மூலையிலும் அளவெடுத்தார்கள். அங்கே அளந்தது படுக்கையை இல்லை, சோற்றை. சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். பஞ்ச ஆய்வுக்காக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று மண் வெட்ட முடியாது என்று எதிர்த்தார். சில மாதங்களுக்குப் பிறகுதான் கூலி கொஞ்சம் உயர்ந்தது.

அந்தப் பஞ்ச நிவாரண வேலைகளில் ஒன்று, சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய். அதன் வடக்குப் பகுதி பழையது. 1806-ல் பாசில் காக்ரேன் என்ற வணிகர் எண்ணூர் வரை வெட்டிய உப்புக் கால்வாய் அது. பேசின் பிரிட்ஜ் என்ற பெயரில் உள்ள 'பேசின்' அந்தக் கால்வாயின் படகுத்துறைதான். பஞ்சத்தில் வெட்டிய இணைப்பு வந்ததும், வடக்கே ஆந்திரக் கடலோரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீர்வழி ஒன்றானது. 1878-ல் அதற்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவர்களின் பெயரைக் கால்வாய்க்கு வைக்கும் வழக்கம் உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் பட்டினியில் வெட்டியதற்கு ஒரு பிரபுவின் பெயரை வைத்ததைப் படிக்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது.

பஞ்சத்தில் மண்வெட்டி கிடைக்காதவர்களுக்கும், மண்வெட்டி கிடைத்தும் வயிறு நிரம்பாதவர்களுக்கும் இருந்த இன்னொரு வழி கப்பல். இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் போல நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கியவர்களும் உண்டு. அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது பினாங்கு நிலப்பகுதியிலும் கிரியானிலும் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு. ரப்பர் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் கரும்புதான் ராஜா. கடலோரத்தில் இன்னும் ஓர் ஊர் 'கூலா' என்ற பெயரோடு இருக்கிறது. 'கூலா' என்றால் சர்க்கரை. நம் காதில் அது 'கூலி' மாதிரி கேட்பது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமாக இருக்கிறது.

சதுப்பு நிலத்தில் கரும்பு நட முதலில் கான் வெட்டி நீரை வடிக்க வேண்டும். கிரியானுக்கு வந்த தமிழரில் பலருக்கு முதல் வேலை அறுவடை இல்லை, கான் வெட்டுதான். 1910-ல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. அதையொட்டிக் கரும்பும் மறைந்தது, ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது. பயிர் மாறிக்கொண்டே இருந்தது, கான் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

புக்கிட் மேராவிலிருந்து வரும் தண்ணீர்

எங்கள் ஊரின் பெரிய வாய்க்கால் கரும்புக்காக வந்தது இல்லை, நெல்லுக்காக வந்தது. பேராக்கின் ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களுக்குச் சோறு வேண்டும், அரிசியோ பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. கிரியானில் நெல் விளையும், ஆனால் மழை ஏமாற்றினால் பயிரும் போகும், குடிதண்ணீரும் போகும். அதனால் குராவ் ஆற்றின் குறுக்கே புக்கிட் மேராவில் ஓர் அணை கட்டி, அங்கிருந்து கடலோரச் சமவெளிக்கு வாய்க்கால் வெட்டும் திட்டம் வந்தது. 1890களின் கடைசியில் வேலை தொடங்கி 1906-ல் முடிந்தது. செலவு 15 லட்சம் வெள்ளிக்கு மேல், பாசனம் பெற்ற நிலம் 50,000 ஏக்கருக்கு மேல். மலாயாவில் அரசாங்கம் செய்த முதல் பெரிய பாசனத் திட்டம் இதுதான். வடிகால் பாசனத் துறை என்ற ஒன்றே 1932-ல்தான் உருவானது. எங்கள் வாய்க்கால் அந்தத் துறையைவிட 26 வயது மூத்தது.

நீர் வந்ததும் குடியேற்றம் பெருகியது. தென் கலிமந்தானிலிருந்து வந்த பஞ்சார் மக்கள் இங்கே நெல் விவசாயத்தின் முதுகெலும்பானார்கள். அவர்கள் சொந்த ஊரிலேயே ஆற்றோடும் வாய்க்காலோடும் வாழ்ந்தவர்கள். தமிழர் எல்லாரும் தோட்டத்தில்தான் இருந்தார்கள் என்பதும் சரியில்லை. 1880களிலேயே பிரெஞ்சு மிஷன் பாதிரிமார் முயற்சியில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நெல் விளைவிக்கக் குடியேற்றப்பட்டார்கள். சூசைப்பாளையம் என்ற பெயர் அதன் மிச்சம். லயத்துக்கு வெளியே, சொந்தமாக ஏர் பிடிக்க நினைத்த தமிழர் வரலாறு நம்மிடம் குறைவாகத்தான் பேசப்படுகிறது.

இந்த வாய்க்காலில் ஏன் படகு ஓடவில்லை? இங்கேதான் பொறியியல் வருகிறது. படகுக் கால்வாயும் பாசனக் கால்வாயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளுக்குள் குணம் வேறு. படகுக் கால்வாயில் தண்ணீர் நிற்க வேண்டும். தரை மட்டம் மாறும் இடத்தில் நீர்ப்பூட்டு வைத்து, ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் படகைத் தூக்க வேண்டும். பாசனக் கால்வாயில் தண்ணீர் ஓட வேண்டும். மெல்லிய சரிவு வைத்து, மதகு வைத்து, கிளை பிரித்து வயலுக்குள் விட வேண்டும். மதகுக்கு அடியில் தண்ணீர் போகும், படகு போகாது.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். ஆர்தர் காட்டன் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையை 1852-ல் முடித்த பிறகு, அந்த டெல்டாக் கால்வாய்களில் பாசனமும் நடந்தது, நீர்ப்பூட்டுகள் வழியே சரக்குப் படகும் பயணிகள் படகும் போயின. ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்று அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு வரை போய் வாதாடினார், தோற்றார். கிரியான் வாய்க்கால் வந்த காலத்தில் இந்த விவாதம் முடிந்துபோயிருந்தது. தைப்பிங்கிலிருந்து பிறை நோக்கிய ரயில் பாதை புக்கிட் மேராவைத் தாண்டித்தான் போனது. நெல்லையும் ஆளையும் ஏற்றிப்போக ரயில் இருக்கும்போது நீர்ப்பூட்டுக்கு யார் செலவு செய்வார்கள்? நியாயமான கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கால் எங்கள் வாய்க்கால் பாதையாகாமல் குழாய் மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு பயணங்கள்

1934-ல் ஒரு முழுநிலா இரவில் பாரதிதாசனும் நண்பர்களும் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பக்கிங்ஹாம் கால்வாயில் படகில் போனார்கள். ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம், மயிலை சீனி. வேங்கடசாமி எல்லாரும் அந்தப் படகில் இருந்தார்கள். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை அந்தப் பயணத்தில் பிறந்தது. தமிழில் கால்வாய் உல்லாசப் பயணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பஞ்சத்தில் வெட்டிய நீரில் அறுபது ஆண்டு கழித்துச் சுயமரியாதைக்காரர்கள் நிலா பார்த்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கால்வாயில் காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், காற்று இல்லாவிட்டால் கழி ஊன்றுவார்கள் அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். தொழிலாளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அந்தக் கூட்டம் உட்கார்ந்திருந்த படகையும் யாரோ இரவெல்லாம் நகர்த்தியிருக்க வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உல்லாசம் என்ற ஒன்று நடக்கும்போது அதற்கடியில் ஓர் உழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஐந்து வருஷம் கழித்து, 1939 ஜூலையில், இங்கிலாந்தின் பான்பரியிலிருந்து இன்னொரு படகு கிளம்பியது. எல்.டி.சி. ரோல்ட் என்ற இளம் பொறியாளர், மனைவி ஏஞ்சலாவோடு, 'கிரெஸ்ஸி' என்ற பழைய மரப்படகை வீடாக மாற்றிக்கொண்டு சுமார் 400 மைல் சுற்றினார். அந்த அனுபவத்தை எழுதிய 'நேரோபோட்' நூல் 1944-ல், போர் நடுவே வெளிவந்தது. படித்தவர்கள் கால்வாயைத் தேடிப் போனார்கள். அவர்களில் ஒருவர் ராபர்ட் ஐக்மன். இருவரும் முன்நின்று, கால்வாய் வரலாறு எழுதிய சார்ல்ஸ் ஹாட்ஃபீல்டும் சேர்ந்து 1946-ல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது பல கால்வாய்கள் தூர்ந்து, மூடப்படும் நிலையில் இருந்தன.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து வந்த சண்டை. மிஞ்சியிருந்த படகுக் குடும்பங்களின் பிழைப்பும் பண்பாடும்தான் முதலில் காப்பாற்றப்பட வேண்டியது என்பது ரோல்ட்டின் பக்கம். ஒரு மைல்கூட விடாமல் எல்லாக் கால்வாயையும் மீட்க வேண்டும், உல்லாசப் படகுகள் வந்தால்தான் அது முடியும் என்பது ஐக்மனின் பக்கம். 1951-ல் ரோல்ட் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ஐக்மன் வென்றார், கால்வாய்கள் பிழைத்தன. 1962-63 குளிர்காலத்தில் மாதக்கணக்கில் நீர் உறைந்து கிடந்தபோது சரக்குப் படகுத் தொழில் ஏறக்குறைய முடிந்துபோனது. 1968-ன் போக்குவரத்துச் சட்டம் உல்லாசப் பயணத்துக்கு என்றே ஒரு வகைக் கால்வாயை ஏற்றுக்கொண்டது. இன்று சுமார் 2,000 மைல் நீர்வழி ஓர் அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. நிலக்கரி கிடந்த இடத்தில் சோபா கிடக்கிறது.

ஆக, அங்கே கால்வாய் பிழைத்தது, கால்வாய் மக்கள் கரைக்குப் போய்விட்டார்கள். யார் சரி என்று கேட்டால் எனக்கு ரோல்ட்டைத்தான் பிடிக்கிறது. ஆனால் ஐக்மன் இல்லாவிட்டால் ரோல்ட்டின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்க்க ஒரு நீர்வழி இருந்திருக்குமா என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய்க்கு ரோல்ட்டும் இல்லை, ஐக்மனும் இல்லை. 1965, 66 புயல்கள் அதைச் சிதைத்தன. சென்னைக்குள் அதன் நடுவிலேயே பறக்கும் ரயிலின் தூண்களை நட்டார்கள். 2008-ல் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். நகரத்துக்குள் அதன் பெயர் இன்றும் சாக்கடைதான்.

நாம என்ன தொரையா?

என் தாத்தா கொஞ்ச காலம் வாய்க்கால் துப்புரவு வேலை செய்தவர். ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுவது, கரை சரிந்தால் மண் அணைப்பது, மதகில் சிக்கிய குப்பையை எடுப்பது. அவரிடம் ஒருமுறை, "தாத்தா, வாய்க்கால்ல சும்மா சம்பான்ல போயிருக்கீங்களா?" என்று கேட்டேன். "வேலைக்குப் போயிருக்கேன். சும்மா போறதுக்கு நாம என்ன தொரையா? இடுப்பு வரைக்கும் தண்ணில நின்னவனுக்கு லீவுல தரைதான்டா வேணும்" என்றார்.

இந்தப் பதில் எனக்குப் பல நாள் ஓடிக்கொண்டிருந்தது. உல்லாசம் என்பது பணம் மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை. ஒரு இடத்தோடு நமக்கு வேலை அல்லாத வேறு உறவு இருக்க வேண்டும். இங்கிலாந்துப் படகுக்காரரின் பிள்ளைகளும் விடுமுறைக்குக் கால்வாய்ப் பக்கம் போயிருக்க மாட்டார்கள். அந்த நீரை அழகாகப் பார்த்தவர்கள், அதில் முதுகு ஒடியாதவர்கள்தான். ஒரு தலைமுறையோ இரண்டு தலைமுறையோ தள்ளி நின்றால்தான் அந்தப் பார்வை வரும்போல. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பால்மர வாசனை ஏக்கமாக மாறியதும் தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதானே.

எங்கள் பக்கம் இந்த மாற்றம் மெல்ல நடந்துகொண்டுதான் இருக்கிறது. தைப்பிங் ஏரிப் பூங்கா, 1880களில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்திலிருந்து உருவானது. சீனக் கூலிகள் தோண்டிய குழியில் இன்று குடும்பங்கள் மிதிபடகு விடுகின்றன. நெல்லுக்காகத் தேக்கிய புக்கிட் மேரா ஏரியில் உல்லாச விடுதி வந்துவிட்டது, படகில் போய் ஒராங் ஊத்தான் தீவைப் பார்க்கலாம். அந்த ஏரியின் குறுக்கே சுமார் 3.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் மின்சார ரயில் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். அந்த மூன்றரைக் கிலோமீட்டருக்குள்ளேயே எல்லாரும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஏரியில் தெரியும் அழகு 1906-ல் முடிந்த ஒரு மண் வேலை என்று அந்தப் பெட்டியில் எத்தனை பேருக்குத் தோன்றும்?

கிரியான் வாய்க்காலில் நேரோபோட் ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மதகை உடைக்காமல் அது நடக்காது, நெல் வயலின் தண்ணீரில் கைவைக்கும் உல்லாசம் எனக்கும் வேண்டாம். ஆனால் கரை இருக்கிறது. வாரக் கடைசியில் தூண்டிலோடு மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். உல்லாசம் ஒரு இடத்தைக் காப்பாற்றும் என்பதை ஐக்மன் காட்டினார். அந்த இடத்தின் மனிதர்களை அது தானாகக் காப்பாற்றாது என்பதை ரோல்ட்டின் வெளியேற்றம் காட்டியது. இரண்டாவது வேலை எழுதுகிறவர்களுடையது.

இங்கிலாந்தில் படகுக் குடும்பங்கள் மறைவதற்குள் அவர்களின் பேச்சை, பாட்டை, படகறையின் அளவைக்கூட எழுதி வைத்துவிட்டார்கள். நம் ஊரில் கான் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் கரையோரக் கம்பங்களிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் இருக்கிறார்கள். மண்வெட்டிப் பிடியின் நீளம் எவ்வளவு, ஒரு ஆளுக்கு நாளைக்கு எத்தனை அடி வெட்டு, அட்டைக்கு என்ன தடவினார்கள், மதகு திறக்கும் நாளில் என்ன மீன் வந்தது, இதெல்லாம் அவர்களுடைய வீட்டுப் பேச்சில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு ஐந்தடியில் போய் உட்கார்ந்தால் கேட்டுவிடலாம். நான் கேட்கத் தொடங்கிவிட்டேன். தாத்தாவின் மண்வெட்டிப் பிடி நான்கு அடிக்கு இரண்டு விரற்கடை குறைவு.